சித்ரகலாவின் சும்மா வண்டி

சித்ரகலாவின் மின்சார ஸ்கூட்டர் சும்மா போனால்தான் சார்ஜ் ஏறும் என்பது எங்கள் மேலத்தெருவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெரியவந்தது, திங்கட்கிழமை காலைக்குள் அது குழாயில் ஆறு மணிக்குத் தண்ணீர் வருவதைப் போல ஒரு சாதாரண விஷயமாகிவிட்டது, செவ்வாய்க்கிழமை அதைப் பற்றி வாயெடுத்தவர்களை, "அதான் நேத்தே பேசியாச்சே" என்று மற்றவர்கள் அடக்கிவிட்டார்கள். வேலையாகப் போனால் இறங்கும், வேலையில்லாமல் போனால் ஏறும், அவ்வளவுதான். ஏன் அப்படி என்று கேட்டவர் எங்கள் தாமரைவாய்க்கால் ஊரில் ஒருவரும் இல்லை. எப்படிச் சும்மா போவது என்பதுதான் எங்களுக்குப் பெரிய தலைவலியாக இருந்தது.

சித்ரகலாவுக்குப் பத்தொன்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டவுனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை. அவள் கணவர் அமிர்தலிங்கம் அரிசி ஆலையில் இருபத்திரண்டு வருடம் உமித்தூசியைச் சுவாசித்தவர், அதற்குக் கூலியாக ஆலை அவரிடமிருந்து நுரையீரலில் பாதியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டது. இப்போது அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஆக்சிஜன் மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும், அதிலிருந்து வரும் குழாய் அவர் மூக்கில் முடியும், அந்தக் குழாயின் நீளம் இருபத்தைந்து அடி. கட்டிலிலிருந்து ஜன்னலுக்கு வரலாம், ஜன்னலிலிருந்து வாசல்படிக்கு வரலாம், அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைத்தாலும் குழாய் இழுக்கும். மூன்று வருடமாக அவருக்கு உலகம் அந்த அளவுதான்.

மிஷினுக்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் பெரிய சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றிவிட ஆள் வேண்டும். டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகிற ஒருத்தி, கடையில் லென்ஸைத் துடைத்துக்கொண்டே எத்தனை நாள்தான் வீட்டுக் கரண்ட்டை நினைத்துக்கொண்டிருப்பாள்? அதனால்தான் அவள் ஸ்கூட்டர் வாங்கினாள். முருங்கைப்பூ நிறத்தில் ஒரு வண்டி. முப்பத்தைந்து நிமிடத்தில் அவளை வீடு சேர்த்துவிடும், சத்தம் என்பதே கிடையாது, தெருநாய் கூடத் தலை தூக்கிப் பார்க்காது. முனையில் டீக்கடை வைத்திருக்கும் ஜபருல்லா பாய் முதல் நாளே சொன்னார்: "மத்த வண்டியெல்லாம் வந்தா வண்டி வருதுன்னு தெரியுது. இதுல சித்ரகலா வருதுன்னு தெரியுது." நாங்கள் எல்லோரும் ஆளுக்கொரு தடவை அதன் சீட்டைத் தட்டிப் பார்த்தோம், கண்ணாடியில் முகம் பார்த்தோம், நல்ல வண்டி என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம்.

ஒரு மாதம் எல்லா வண்டியையும் போலத்தான் அதுவும் இருந்தது. பிளக்கில் மாட்டினால் திரையில் நூறு காட்டும், டவுனுக்குப் போய்த் திரும்பினால் அறுபதுக்கு வந்து நிற்கும். பிறகு ஒரு வாரம், எவ்வளவு நேரம் மாட்டினாலும் ஏறவில்லை. தெருவில் எலக்ட்ரீஷியன் ஞானப்பிரகாசம் இருக்கிறார், அவர் பிளக்கை மாற்றினார், ஒயரை மாற்றினார், கடைசியில் தன் வீட்டுக்கே தள்ளிக்கொண்டு போய் மாட்டிப் பார்த்தார், ஒன்பதிலேயே நின்றது. அந்த ஞாயிற்றுக்கிழமை சித்ரகலா வண்டியை வாங்கின கடைக்கே ஓட்டிக்கொண்டு கிளம்பினாள், ஊர் எல்லையைத் தாண்டும்போதுதான் ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது என்பது ஞாபகம் வந்தது. திரும்பினாள். வீட்டில் சமைத்தாகிவிட்டது, துணி துவைத்தாகிவிட்டது, பக்கத்து வீட்டுக் கமலவேணி அக்கா அமிர்தலிங்கத்துக்குத் துணையாக உட்கார்ந்திருக்கிறாள், மணி நாலரைதான். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, போக வேண்டிய இடம் என்று எதுவுமில்லாமல் சித்ரகலா ஒரு சாலையில் இருந்தாள். வாய்க்கால் கரைப் பக்கம் வண்டியைத் திருப்பினாள், கரையோரமாகவே போனாள், நாணலுக்குள்ளிருந்து இரண்டு நீர்நாய்கள் எட்டிப் பார்த்ததைப் பார்த்தாள், வாய்விட்டு எதையோ பாடினாள், வீட்டுக்கு வந்தபோது திரையில் எழுபத்தொன்று இருந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் சோதித்துப் பார்க்காதது பாக்கியில்லை. சும்மா போகிறேன் என்று கிளம்பி, வரும் வழியில் ஒரு கொத்து கறிவேப்பிலை வாங்கிவந்தாள், ஆறு குறைந்தது. கோயில் பக்கம் சும்மா போனவள் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கும்பிடு போட்டாள், மூன்று குறைந்தது, சாமியென்றும் அந்த வண்டி பார்க்கவில்லை. உடம்புக்கு நல்லது என்று காற்று வாங்கப் போனால் ஏறாது, மனசுக்கு நல்லது என்று போனாலும் ஏறாது. ஆனால் எல்லாவற்றையும்விட அதை அதிகமாக இறக்கியது எங்கள் தெருவின் வாய்தான்.

வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து எங்கே என்று கேட்கக் கூடாது, தூரமா என்றுதான் கேட்க வேண்டும் என்று எல்லா ஊரிலும் ஒரு வழக்கம் உண்டு. எங்கள் மேலத்தெருவுக்குள் அந்த வழக்கம் நுழைந்ததே கிடையாது. பதினெட்டு வீடுகள், பதினெட்டு வாசல்கள், ஒவ்வொரு வாசலிலும் ஒரு "எங்க?" உட்கார்ந்திருக்கும். நாங்கள் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை, மற்ற ஊர்க்காரர்கள் வணக்கம் சொல்வதை நாங்கள் அப்படிச் சொல்கிறோம். இதில் கமலவேணி அக்கா எங்களுக்கெல்லாம் தலைவி.

"ஏ சித்ரகலா, எங்க கிளம்பிட்டே?"

"சும்மாதான்க்கா."

"சும்மான்னா எங்க?"

"வாய்க்கா பக்கம்..."

சொன்னால் தீர்ந்தது. சொன்ன மாத்திரத்தில் வாய்க்கால் ஒரு போகவேண்டிய இடமாகிவிடும், சவாரி வேலையாகிவிடும், தெரு முனை திரும்புவதற்குள் திரையில் இரண்டு குறைந்துவிடும். சித்ரகலா பாவம், தெருவில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வண்டியை எடுக்க ஆரம்பித்தாள், எங்கள் தெருவில் அப்படி ஒரு நேரம் கிடையாது.

அவளுக்கு உதவி செய்யலாம் என்று நாங்கள் முடிவு செய்ததுதான் அடுத்த கூத்து. அவள் வேலைக்குப் போய்வர தினமும் நாற்பது செலவாகிறது, அதை அவள் ஒருத்தியே சும்மா போய்ச் சம்பாதிக்க வேண்டுமா, நாமும் ஆளுக்கொரு நாள் போனால் என்ன என்று பாய் கடையில் பேச்சு எழுந்தது. ஏற்கனவே பாய் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துப் பதினாலு ஏற்றிக் கொடுத்திருந்தார், வந்தவர் ஒரு வாரம் சிரித்த முகமாகவே இருந்தார். அன்றைக்கே கடைக் கரும்பலகையில் வடை, போண்டாவை அழித்துவிட்டு, திங்கள் ஜபருல்லா, செவ்வாய் ஞானப்பிரகாசம், புதன் கமலவேணி (பின்னால் உட்கார்ந்து) என்று ஞாயிறு வரைக்கும் எழுதினோம், தலைப்பில் மேலத்தெரு சும்மா போவோர் சங்கம் என்று போட்டோம். ஒருவரும் ஒரு நாளும் தவறவில்லை. மழையில் நனைந்துகொண்டு போனார்கள், கல்யாண வீட்டில் பந்தி போட்டுக்கொண்டிருக்கும்போது எழுந்து போனார்கள், தன் முறை வந்துவிட்டதே என்று பதறிப் பதறிச் சும்மா போனார்கள். சனிக்கிழமை சித்ரகலா வண்டியைக் கிளப்பியபோது திரை நாலு காட்டியது. நாங்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பலகையை அழித்தோம், வடை திரும்பி வந்தது.

ஆனாலும் அந்த வண்டி எங்களைக் கொஞ்சம் மாற்றத்தான் செய்தது. கல்யாணம், சாவு, ரேஷன், கோயில் தவிர ஐம்பத்திரண்டு வருடத்தில் வேறெதற்கும் தெருவைத் தாண்டாத கமலவேணி அக்கா, ஒரு மாலையில் சித்ரகலாவின் பின்னால் உட்கார்ந்து போய்விட்டு வந்து, "ஏன் போனோம்னே தெரியல, நல்லா இருந்துச்சு" என்று கண்கலங்கச் சொன்னாள், அன்றைக்குப் பதினொன்று ஏறியிருந்தது. அமிர்தலிங்கம் மட்டும் ஒரு நாளும் அந்த வண்டியில் ஏறியதில்லை. வாசல்படியில் குழாயோடு நின்று அவள் போவதைப் பார்ப்பார், வருவதைப் பார்ப்பார், திரையில் எவ்வளவு என்று விரலால் கேட்பார். அவருக்குப் பேச மூச்சு போதாது, பேசினாலும் நாலு அடி தாண்டாது.

ஐப்பசி கடைசியில் புயல் வந்தது. தென்னை சாய்ந்தது, புளியமரம் சாய்ந்தது, கரண்ட் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன, செல்போன் டவர் கழுத்தொடிந்து தொங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போகிற பாலத்தின் முகப்பை வெள்ளம் அறுத்துக்கொண்டு போய்விட்டது, படகு விடலாமென்றால் தண்ணீரின் இழுப்புக்கு எந்தப் படகும் நிற்காது. கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் சேற்றுக்குள் கிடந்தது. மரம் வெட்டிக்கொண்டு அந்தப் பக்கமிருந்து ஆட்கள் வருகிறார்கள், இன்னும் நாலு நாள் ஆகும் என்று அக்கரையில் நின்று ஒருவர் கூவிச் சொன்னார். இரண்டாம் நாள் காலையில் அமிர்தலிங்கத்தின் பெரிய சிலிண்டர் தீர்ந்தது.

ஞானப்பிரகாசம் ஸ்கூட்டர் பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து, தன் வீட்டு இன்வெர்ட்டரை நடுவில் வைத்து, மிஷினை ஓடவிட்டார். அந்த மனுஷனுக்கு அன்று நாங்கள் மனசுக்குள் ஒரு கோயில் கட்டினோம். திரையில் அறுபத்தி நாலு இருந்தது. மிஷின் அதைக் குடித்துக்கொண்டே இருந்தது, மூன்றாம் நாள் காலையில் ஏழு இருந்தது. கடைசிக்கென்று வைத்திருந்த சின்ன சிலிண்டர் ஒன்று மிச்சம், அது ஒரு மணி நேரத்துக்கு வரும்.

ஏழு என்பதை நூறாக்குகிற வழி எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெருவிலும் வாய்க்கால் கரையிலும் கிடந்த மரங்களை ஆண்களும் பெண்களுமாக அரிவாள் கொண்டு வெட்டித் தள்ளி வழி பண்ணினோம். மிஷினைக் கழற்றிவிட்டுச் சித்ரகலா முதலில் போனாள். அந்தப் பத்து நிமிடமும் அமிர்தலிங்கம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சிழுத்தார், அந்தச் சத்தம் பதினெட்டு வீட்டுக்கும் கேட்டது. அவள் திரும்பி வந்தபோது ஆறு. பாய் போனார், ஐந்து. கமலவேணி அக்காவைப் பின்னால் வைத்துக்கொண்டு ஞானப்பிரகாசம் போனார், வழியெல்லாம் வேண்டுமென்றே சிரித்துக்கொண்டு போனார்களாம், நாலு. ஒரு உயிரைக் காப்பாற்றப் போகிறவர் எப்படிச் சும்மா போவார்? உலகத்தில் அதைவிடப் பெரிய வேலை ஏது? எங்களில் ஒருவராலும் முடியாது என்பது எங்களுக்குப் புரிந்தது. சித்ரகலா வண்டிப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "என் மனசு பாழாப்போன மனசு, ஒரு அரைமணி நேரம் அவர மறக்க மாட்டேங்குதே" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்போது வாசல்படியில் அமிர்தலிங்கம் நின்றார்.

"கலா, நானும் வரேன்."

"நீங்க எங்கங்க..." என்று ஆரம்பித்து அவளே நிறுத்திக்கொண்டாள். "இந்த ஒடம்ப வெச்சுக்கிட்டா?"

"சின்ன சிலிண்டரு இருக்கில்ல. மடியில வெச்சுக்கறேன்." மூச்சு வாங்கினார். "இருவத்தாறு வருசத்துல நாம ரெண்டு பேரும் சும்மா எங்கயாச்சும் போயிருக்கமா?"

அவள் யோசித்தாள். "மறுவீட்டுக்குப் போனோமே."

"அது மறுவீடு."

"வேளாங்கண்ணி?"

"வேண்டுதலு."

"பொருட்காட்சிக்கு?"

"உன் தம்பிக்குப் பொண்ணு பாக்க. பொருட்காட்சின்னு சொல்லித்தானே கூட்டிட்டுப் போனே." அவர் சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. "மிஷினு, பேட்டரி எல்லாம் கெடக்கட்டும். இருந்தா இருக்குது. மூணு நாளா மழை, இன்னிக்கு வெயிலடிக்குது. உன் பின்னாடி ஒக்காரணும் போல இருக்கு. வேற ஒண்ணுமில்ல."

சித்ரகலா எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். பிறகு உள்ளே போய்ச் சின்ன சிலிண்டரை எடுத்துவந்து, குழாயை மாற்றி, அவரைக் கைத்தாங்கலாக உட்காரவைத்து, தானும் ஏறி உட்கார்ந்தாள். நாங்கள் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஒருவரும் சொல்லவில்லை.

வண்டி கிளம்பியது. மேலத்தெருவின் இரண்டு பக்கமும் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம், பிறந்ததிலிருந்து எங்கள் நாக்கில் ஊறிய அந்த ஒரு சொல் பதினெட்டு வாசலிலும் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. யாராவது ஒருவர் கேட்டால் போதும், அவர்கள் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கும், சொன்ன பதில் அவர்கள் கூடவே வண்டியில் ஏறிக்கொள்ளும். கமலவேணி அக்கா முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டு சுவர் பக்கம் திரும்பினாள். பாய் முதுகைக் காட்டிக்கொண்டு கழுவிய டம்ளர்களையே மறுபடி கழுவினார். ஞானப்பிரகாசம் சாய்ந்த கம்பத்தை இன்றைக்குத்தான் பார்ப்பவர் போலப் பார்த்தார். ஒருவரைப் பார்த்து ஒருவராக, என்னையும் சேர்த்து, மேலத்தெரு முழுக்கத் திரும்பி நின்றது. சத்தமில்லாத வண்டி எங்கள் முதுகுகளுக்கு நடுவில் போனது, காற்று லேசாக அசைந்ததை வைத்துத்தான் போய்விட்டார்கள் என்று தெரிந்துகொண்டோம்.

இனி நடந்தது அவர்கள் இருவரும் ஆளுக்குப் பாதியாகப் பின்னால் சொன்னது. தெரு முனையில் திரை மூன்று காட்டியது, அமிர்தலிங்கம் தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன் மேல் போட்டுவிட்டார். கரை பிரிகிற இடத்தில், "எந்தப் பக்கம்?" என்று அவள் கேட்டாள், "உனக்கு எந்தக் கை பழக்கமோ அந்தப் பக்கம்" என்றார். கொஞ்ச தூரம் அவள் அழுதுகொண்டேதான் ஓட்டினாள். பிறகு, முகவாயை அவள் தோளில் வைத்துக்கொண்டு அவர் பேச ஆரம்பித்தார். நாலு அடி தாண்டாத குரல், அவள் காதுக்கோ நாலு விரல் தூரம்கூட இல்லை, வண்டியோ மூச்சுக் காட்டாமல் போகிறது. வேறு எந்த வண்டியாக இருந்தாலும் அந்தக் குரலைத் தின்றிருக்கும். மூன்று வருடமாக மிஷின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி, மருந்து, சாப்பாடு, கரண்ட் என்பதற்கு மேல் பேசாமல் போன இரண்டு பேர் அன்று ஒன்றுமில்லாததையெல்லாம் பேசினார்கள். புயல் ஒரு படகைக் கொண்டுபோய்ப் பூவரச மரத்தின் கவட்டில் வைத்திருந்தது, அதில் ஒரு ஆடு நின்று இலை தின்றுகொண்டிருந்தது, அதைப் பார்த்து அவர் சொன்ன ஒரு வார்த்தையை இன்றுவரை அவர்கள் எங்களிடம் சொல்லவில்லை, ஆனால் அதற்குச் சித்ரகலா சிரித்த சிரிப்பில் வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியதாம். வாத்து மேய்க்கிறவர் ஒருவர் எதிரில் வந்தார், வாத்துகள் கரையை அடைத்துக்கொண்டு நின்றன, இவர்களும் நின்றார்கள், அவை போன பிறகும் நின்றுகொண்டிருந்தார்கள்.

இங்கே எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆனது. சின்ன சிலிண்டரின் கணக்கு முடிந்தது. ஒன்றேகால் மணி ஆனது. பாய் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். தேடிப் போகலாம் என்று ஞானப்பிரகாசம் கிளம்பினார், தேடிப் போனால் கண்டுபிடித்துவிடுவோம், கண்டுபிடித்தால் எல்லாம் கெட்டுவிடும் என்று கமலவேணி அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பயந்துகொண்டு பதினெட்டு வீட்டுக்காரர்களும் அந்த வெயிலில் நின்றோம்.

ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார்கள். முழங்கால் வரை சேறு, அவள் கூந்தலில் நாணல் பூ, அவர் மடியில் முள் பூஜ்யத்தில் நிற்கும் சிலிண்டர். அது எப்போது தீர்ந்தது என்று அவருக்கே தெரியாது. மூச்சு மேலும் கீழும் வாங்கிக்கொண்டுதான் இருந்தது, உதடு நீலம் பாய்ந்துதான் இருந்தது, ஆனால் வாய் எதையோ சொல்லிக்கொண்டிருந்தது, சொல்ல வந்ததை முடித்துவிட்டுத்தான் இறங்கினார். ஞானப்பிரகாசம் ஓடிப்போய்த் துண்டை எடுத்தார். திரையில் நூறு இருந்தது. அவர் அப்படியே ஒயரை மாட்டினார், மிஷின் ஓட ஆரம்பித்தது, அமிர்தலிங்கம் வாசல்படியில் உட்கார்ந்து மூக்கில் குழாயை வைத்து இழுத்தார், உதடு மெல்ல மெல்லப் பழைய நிறத்துக்கு வந்தது.

முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கமலவேணி அக்கா வெடித்தாள்.

"பாவிங்களா, எங்கதான்டி போனீங்க?"

சித்ரகலா அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார்.

"தெரியலக்கா" என்றார் அமிர்தலிங்கம். "இவதான் ஓட்டுனா."

"எனக்கென்ன தெரியும், அவருதான் பேசிக்கிட்டே வந்தாரு" என்றாள் சித்ரகலா.

பாய் உடனே எல்லோருக்கும் டீ போட்டார். அந்த நூறு எப்படியும் நாளை மறுநாள் வரை தாங்கும், அதற்குள் பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்துவிடுவார்கள் என்று ஞானப்பிரகாசம் விரல்விட்டு எண்ணிச் சொன்னார். சொன்னபடியே வரவும் செய்தார்கள். ஆனால் அதற்கு முன்னால், எங்கள் கையில் டீ ஆறிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், அமிர்தலிங்கம் கையை நீட்டி அவள் தலையிலிருந்த நாணல் பூவை எடுத்துக்கொண்டே கேட்டார்.

"கரண்ட் வந்த பொறவும் போவமா?"

"எங்..." என்ற சித்ரகலா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "போவலாம்" என்றாள். பிறகு அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு, மூன்று நாளாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து அழுதாள், அவர் கை அவள் தலையில் இருந்தது.

நாங்கள் பதினெட்டு வீட்டுக்காரர்களும் டம்ளரும் கையுமாகத் திரும்பி நின்றுகொண்டோம்.